யாழ்ப்பாணத்து வளவில் ஆவாரை: கிணறு இறைக்காமல் வண்டுகளுக்கு ஒரு பூச்செடி

கேள்வி சுருக்கமாக இதுதான். வலிகாமத்தில் நாலு பரப்பு வளவு. செம்மண், கொஞ்சம் தோண்டினால் கல். கோடையில் கிணற்றுத் தண்ணீர் அடிக்குப் போய்விடுகிறது. கத்தரியும் முருங்கையும் நிறையப் பூக்கின்றன, ஆனால் பூவுக்கேற்ற காய் இல்லை. வண்டு, தேனீ எதையும் முன்பு போலக் காணோம். ரொறன்ரோவில் இருக்கும் தங்கச்சி தன் வீட்டு முன்றலில் எக்கினேசியா நட்டதாகவும், பூ முழுக்கத் தேனீ மொய்ப்பதாகவும் சொல்லி, விதை அனுப்பவா என்று கேட்கிறார். அதை இங்கே போடலாமா? இல்லாவிட்டால் தண்ணீர் அதிகம் கேட்காமல் வருடக்கணக்கில் நிற்கும் நம்மூர்ப் பூச்செடி எது, அதை எப்படி வளர்ப்பது? பற்றை வளர்ந்தால் பாம்பு வரும் என்று அம்மா பயப்படுகிறார், அதற்கு என்ன செய்யலாம்?

எக்கினேசியா வேண்டாம், ஆவாரை வையுங்கள். ஆவரசு என்று சொன்னால் அம்மாவுக்கு உடனே தெரியும். வேறு செடிகளும் உண்டு, அவற்றையும் பின்னால் சொல்கிறேன். ஆனால் கத்தரி, முருங்கை என்று நீங்கள் எழுதியதைப் பார்த்ததுமே எனக்கு ஆவாரைதான் நினைவுக்கு வந்தது. இந்த மூன்றின் பூவுக்கும் வருகிற முக்கியமான விருந்தாளி ஒருவர்தான்: கருவண்டு, அதாவது மரத்தில் துளை போட்டுக் கூடு வைக்கும் பெரிய கறுப்புத் தேனீ.

முதலில் தங்கச்சியின் விதை. எக்கினேசியா நல்ல செடி. வட அமெரிக்காவின் புல்வெளிகளுக்குச் சொந்தமானது, அங்குள்ள தேனீக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் நல்ல தீனி, அங்குள்ள வறட்சியையும் தாங்கும். அவர் அதை அங்கே நட்டது முழுக்கச் சரி. ஆனால் அது பனிக்காலத்தில் மேலே பட்டுப்போய், வேரில் உயிரை வைத்திருந்து, குளிர் விட்டதும் துளிர்க்கிற செடி. ஈரத்தோடு சில கிழமைகள் குளிரில் கிடந்தால்தான் விதையும் நன்றாக முளைக்கும். இங்கே மார்கழி இரவிலும் 20 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குவது அருமை. வறட்சியும் இரண்டு இடத்திலும் ஒன்றல்ல. நமக்கு மாசி தொடங்கிப் புரட்டாசி வரை, சித்திரையை ஒட்டி வரும் ஒன்றிரண்டு மழையைத் தவிர, வானம் பெரிதாக எதுவும் தராது. வைகாசி பிறந்தால் சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று வேறு எழும்பி, மண்ணில் மிச்சம் இருக்கும் ஈரத்தையும் உறிஞ்சிவிடும். அதற்குப் பழகிய செடிதான் நமக்கு வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. விதையைப் பயணப் பெட்டிக்குள் வைத்தோ கடித உறையில் போட்டோ அனுப்புவது சட்டப்படி கூடாது. 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. விதையோ கன்றோ, அனுமதி பெற்று, சோதனையைக் கடந்துதான் நாட்டுக்குள் வரவேண்டும். பார்த்தீனியத்தால் நம் தோட்டக்காரர்கள் படும் பாடு தெரியும்தானே, அதுவும் வெளியிலிருந்து வந்த பூண்டுதான். நாயுண்ணிப் பூவுக்கு வண்ணத்துப்பூச்சி நன்றாக வரும், அதையே வைக்கலாம் என்று யாராவது சொன்னால் அதையும் கேட்காதீர்கள். அதன் பழத்தைக் குருவி தின்று எல்லா வேலியிலும் விதைத்துவிடும். பிறகு பிடுங்கி முடியாது.

தண்ணீர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எந்தச் செடி என்று தீர்மானிப்பதில் அதுதான் பெரிய பங்கு. யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறுகூட மாரிக்குத்தான் ஓடும். சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித் தேங்கும் மழைநீரைத்தான் நாம் கிணற்றில் அள்ளுகிறோம். அந்த நன்னீர் கீழே இருக்கும் உவர்நீரின் மேல் மிதந்தபடி நிற்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழே இருக்கும் உவர் மேலே ஏறும். மோட்டர் வந்த பிறகு இது எவ்வளவு லேசாக நடக்கிறது என்று கரையோரக் கிராமங்களில் கேட்டுப் பாருங்கள். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் இறைத்தே ஆகவேண்டிய ஊரில், அழகுக்கு வைக்கும் பூச்செடிக்கும் சேர்த்து இறைப்பது நியாயமில்லை. வண்டுக்குப் பூ வேண்டும் என்றால் அது மாரி மழையிலேயே வளர்ந்து கோடையைத் தாண்டும் பூவாக இருக்க வேண்டும்.

ஆவாரை அப்படிப்பட்டது. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வறண்ட பகுதிகளில் தானாக வளர்வது, நம் பக்கம் கடலோரப் பற்றைகளில் காணலாம். தாவரவியலில் சென்னா ஆரிகுலாட்டா. ஆளுயரம் வரும், சில இடங்களில் அதற்கு மேலும் போகும், உப்புக் காற்றில் நிற்பது இடுப்பளவோடு நின்றுவிடும். ஆண்டின் பெரும்பகுதியும் பூ இருக்கும். ஆணிவேர் ஆழமாக இறங்கிவிடுவதால் மேல்மண் காய்ந்தாலும் சமாளிக்கும்.

நாற்று மேடைகளில் மஞ்சள் பூப் பூக்கும் எதையும் ஆவாரை என்று தந்துவிடுவார்கள், ஆகவே அடையாளம் தெரிந்திருக்க வேண்டும். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே இரண்டு பக்கமும் காதுமடல் வடிவத்தில் அகன்ற இலையடிச் செதில் ஒட்டிக்கொண்டிருக்கும், இலை முற்றினாலும் விழாது. சென்னா இனத்தில் நம் ஊரில் வைக்கப்படும் மற்றச் செடிகளில் இவ்வளவு பெரிதாக அது இருக்காது. அடுத்து, எதிரெதிராக நிற்கும் சிற்றிலைகளுக்கு நடுவே நரம்பில் சின்ன முள் மாதிரி ஒன்று நிமிர்ந்து நிற்கும். அது முள் அல்ல, தேன் கசியும் சுரப்பி. அங்கே எறும்பு ஊர்ந்தால் பயந்து மருந்து அடிக்க வேண்டாம், அது அந்தத் துளிக்குத்தான் வருகிறது. நெற்று தட்டையாக, கடதாசி போல மெல்லியதாக, விரல் நீளத்தில் இருக்கும், உள்ளே விதை இருக்கும் இடங்கள் புடைத்துத் தெரியும். சீமை அகத்தி, வாசலில் அழகுக்கு வைக்கும் சொர்ணப்பட்டி, கொன்றை எல்லாம் வேறு.

இனிப் பூவைப் பார்ப்போம். உங்கள் கத்தரி ஏன் காய்க்கவில்லை என்பதற்கான விடையில் ஒரு பாதி இந்தப் பூவுக்குள்தான் இருக்கிறது. காலையில் வெயில் ஏறுமுன் ஒரு பூவுக்குக் கிட்டப் போய் நில்லுங்கள். ஐந்து மஞ்சள் இதழ், ஓரம் சற்றுச் சுருங்கியிருக்கும். நடுவே பத்துக் கேசரங்கள், ஆனால் பத்தும் ஒரே மாதிரி இல்லை. மேலே உள்ள மூன்று சிறியவை, மகரந்தம் இல்லாத மலட்டுக் கேசரம். நடுவில் உள்ளவை கட்டையாக நிமிர்ந்து நிற்கும். கீழே மூன்று மட்டும் நீண்டு வளைந்து வெளியே துருத்திக்கொண்டிருக்கும். சூல்தண்டு ஒரு பூவில் இடது பக்கம் சாய்ந்திருந்தால் பக்கத்துப் பூவில் வலது பக்கம் சாய்ந்திருக்கும். மகரந்தப் பை மற்றப் பூக்களைப் போல வெடித்துத் திறக்காது. உப்புப் போத்தல் மூடி மாதிரி நுனியில் மட்டும் ஓட்டை. குலுக்கினால்தான் தூள் வரும்.

கருவண்டு செய்வது அந்தக் குலுக்கலைத்தான். அது பறந்து வரும்போது அடித்தொண்டையில் ஒரு இரைச்சல் கேட்கும். பூவில் இறங்கி நடுக் கேசரங்களைக் காலால் கட்டிப் பிடித்ததும் அந்தச் சத்தம் சட்டென்று மாறும். உச்சத்தில், விட்டு விட்டு, சின்னச் சின்ன அதட்டலாக வரும். சிறகை விரித்து அடிப்பதை நிறுத்திவிட்டு, சிறகை இயக்கும் நெஞ்சுத் தசையை மட்டும் அதிரவிடுகிறது. அந்த அதிர்வு கேசரத்துக்குள் போய் மகரந்தம் ஓட்டையால் பீறிட்டு வருகிறது. நடுக் கேசரத்திலிருந்து வருவதை வண்டு தன் குஞ்சுக்கென்று வழித்து எடுத்துக்கொள்ளும். கீழே நீண்டு நிற்கும் கேசரங்களின் மகரந்தமோ அதன் கால் எட்டாத இடத்தில் போய் ஒட்டும். எதிர்ப்பக்கம் சாய்ந்த அடுத்த பூவில் இறங்கும்போது அந்த இடத்தில்தான் சூல்முடி வந்து படும். வண்டுக்கும் தீனி, செடிக்கும் விதை. நாம் பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு இந்த அதிர்வு வராது. அது வந்தால் வண்டு சிந்திவிட்டுப் போனதைப் பொறுக்கிக்கொண்டு போகும், அவ்வளவுதான்.

இப்போது ஒரு கத்தரிப் பூவைப் பறித்துத் திருப்பிப் பாருங்கள். நடுவே மஞ்சள் கூம்பு, அதன் நுனியிலும் இதே மாதிரித் துவாரம். காற்று ஆட்டினாலே கொஞ்சம் காய் பிடிக்கும், ஆனால் அதிரவைக்கும் வண்டு வந்தால் பூவும் கூடுதலாக நிற்கும், காயும் நன்றாகத் திரளும். கருவண்டோடு, வயிற்றில் நீல வரி ஓடும் ஒரு சிறு காட்டுத் தேனீயும் இதைச் செய்யும். தக்காளிப் பூவும் இதே வகைதான். முருங்கைப் பூவின் அமைப்பு வேறு, ஆனால் அதன் மகரந்தத்தைச் சுமக்கும் முக்கியமான பூச்சி கருவண்டுதான். பாஷன் புருட் கொடி வைத்திருந்தால் அதற்கும் அதுவே வேண்டும், தேனீயின் உடம்பு அந்தப் பூவுக்குப் போதாது.

ஆனால் கத்தரி உங்கள் பாத்தியில் சில மாதம்தான் பூக்கும். அந்த நேரத்துக்கு மட்டும் வா என்றால் வண்டு எங்கிருந்து வரும்? மற்ற மாதங்களில் குஞ்சுக்கு ஊட்ட மகரந்தம் இல்லாத வளவில் அது கூடு வைக்காது. ஆவாரை அந்த இடைவெளியைத்தான் நிரப்புகிறது. கத்தரி காய்க்காததற்குக் கடும் வெக்கையும், பசளைக் குறைவும், மொட்டைக் குடையும் புழுவும்கூடக் காரணமாகலாம். அவற்றையும் பாருங்கள். ஆனால் பூ உதிரும் செடியில் வண்டையே காணவில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதால் முதலில் இதைச் சரிசெய்யச் சொல்கிறேன்.

சரி, விதைக்கு வருவோம். பற்றையிலிருந்து செடியைப் பிடுங்கி வராதீர்கள். ஆணிவேர் அறுந்தால் அது பிழைப்பது கஷ்டம், பற்றையில் ஒரு தாய்ச்செடியும் குறையும். நன்றாகக் காய்ந்து மண்ணிறமான நெற்றுகளைப் பல செடிகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பறியுங்கள். ஒரே செடியிலிருந்து எல்லாவற்றையும் எடுக்க வேண்டாம். நெற்றை உடைத்து ஊசித் துளை உள்ள விதைகளைக் கழித்துவிடுங்கள், உள்ளே விதை தின்னும் பூச்சி குடைந்திருக்கும். மிச்சத்தைச் சாம்பலோடு கலந்து போத்தலில் போட்டு வைத்தால் மாரி வரை கெடாது.

இந்த விதையின் தோல் கடினமானது. அப்படியே மண்ணில் போட்டால் ஒன்று இப்போது முளைக்கும், இன்னொன்று அடுத்த வருடம் முளைக்கும். அதனால் இரண்டில் ஒன்றைச் செய்யுங்கள். விதையின் ஒரு பக்கத்தைச் சாண்ட் பேப்பரில் நிறம் மாறும் அளவுக்கு மட்டும் தேயுங்கள். முளை இருக்கும் கூர்ப்பக்கத்தைத் தொடக் கூடாது. அல்லது தண்ணீரைக் கொதிக்கவைத்து அடுப்பிலிருந்து இறக்கி, கொதி அடங்கியதும் விதையின் மேல் ஊற்றி அப்படியே இரவு முழுக்க விடுங்கள். காலையில் ஊதிப் பெருத்தவை முளைக்கத் தயார். ஊதாதவற்றுக்கு இன்னொரு முறை சுடுதண்ணீர். பிறகு தாமதிக்காமல் போட்டுவிட வேண்டும்.

எப்போது போடுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். கோடையில் ஆசை வந்து நட்டு, வாளி வாளியாக ஊற்றி, சோளகத்தில் பறிகொடுப்பார்கள். நம் ஊரில் இதற்குக் காலம் புரட்டாசிக் கடைசி, ஐப்பசி முதல். முதல் மழை மண்ணை நனைத்ததும் விதையுங்கள். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழை முழுவதும் அதற்கே கிடைக்கும். மழை விடும்போது வேர் ஓரளவு கீழே போயிருக்கும். நிற்க வேண்டிய இடத்திலேயே விதைப்பதுதான் நல்லது. நாற்றாகத்தான் வேண்டும் என்றால் நீளமான பையில், ஆவணியில் போட்டு, வேர் பையின் அடியைத் தொட்டுச் சுருளுமுன் ஐப்பசியில் இறக்கிவிடுங்கள். விதை ஊதியிருந்தால் ஒன்று, இரண்டு கிழமைக்குள் முளை தெரியும்.

இடம் தெரிவு செய்யும்போது இரண்டைப் பாருங்கள். ஒன்று, முழு வெயில். மாமரத்தின் கீழ் வைத்தால் உயரும், பூக்காது. இரண்டு, மாரி வெள்ளம் நிற்காத இடம். வறட்சியைத் தாங்குகிற இந்தச் செடியைக் கொல்வதற்குத் தேங்கிய தண்ணீர் போதும். கிணற்றடி வாய்க்கால் ஓரம், முற்றத்துத் தண்ணீர் வடிந்து சேரும் மூலை இரண்டும் வேண்டாம். உங்கள் செம்மண் இதற்கு நல்லது. கல் குறுக்கே வந்தால் அலவாங்கால் ஒரு முழ ஆழத்துக்கு உடைத்து, வெடிப்பைக் கண்டுபிடித்து, அதே மண்ணைப் போட்டு மூடி விதையுங்கள். வேர் அந்த வெடிப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கும். குழிக்குள் எருவைக் கொட்ட வேண்டாம். கொழுத்த மண்ணில் இலைதான் வரும், தண்டு மென்மையாகிச் சோளகத்தில் சாயும். ஒரு இடத்தில் மூன்று விதை போட்டு, பிறகு நல்லதை மட்டும் விடுங்கள். செடிக்குச் செடி நாலைந்து அடி. ஒன்றை மட்டும் வைக்காமல் ஐந்தாறு செடியாவது கூட்டமாக வையுங்கள். வண்டு தூரத்திலிருந்து மஞ்சளைக் கண்டு வருவதற்கும், பூவுக்குப் பூ மகரந்தம் மாறுவதற்கும் கூட்டம் வேண்டும். தெற்கு வேலி ஓரமாக ஒரு வரிசை போட்டால் கத்தரிப் பாத்திக்குக் காற்றுத் தடுப்பாகவும் நிற்கும், ஏனென்றால் சோளகம் அந்தப் பக்கத்தால்தான் வரும்.

முதல் கோடை ஒன்றுதான் சோதனை. கன்றைச் சுற்றிப் பனை மட்டையை நட்டு ஆட்டிலிருந்து காப்பாற்றுங்கள். அடியில் காய்ந்த சருகோ தென்னம் பொச்சோ பரப்பிவிடுங்கள். பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒரு தடவை, பாத்திரம் கழுவிய தண்ணீர் என்றாலும் பரவாயில்லை, ஆழமாக இறங்கும்படி ஒரு வாளி. தினமும் மேலால் தெளிப்பதைவிட இது நல்லது. தினமும் தெளித்தால் வேர் மேலேயே நின்றுவிடும். அடுத்த மாரி கண்ட பிறகு தண்ணீரை முழுக்க நிறுத்திவிடலாம். பூவும் அந்த மாரியை ஒட்டித் தொடங்கும், கல் நிலத்தில் இன்னும் ஒரு வருடம் பொறுக்க வேண்டி வரலாம்.

வருடத்துக்கு ஒரு முறை, புரட்டாசியில், முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுங்கள். ஆவாரை புதுக் கிளையின் நுனியில்தான் பூக்கும். வெட்டாமல் விட்டால் கீழே மொட்டையாகி மேலே மட்டும் பூ இருக்கும். எல்லாச் செடியையும் ஒரே நாளில் வெட்டக் கூடாது. பாதியை இப்போது வெட்டினால் மீதியை அவை துளிர்த்த பிறகு வெட்டுங்கள், வண்டுக்குப் பூ அறவே இல்லாத நாள் வராது. வெட்டிய குழையைக் கத்தரி அடியில் போடலாம். ஆனால் இது காவிளாய் மாதிரி வேரில் முடிச்சு வைத்து நிலத்துக்குத் தழைச்சத்துச் சேர்க்கும் செடி அல்ல. அவரைக் குடும்பம் என்றாலும் சென்னா இனத்துக்குப் பெரும்பாலும் அந்தக் குணம் இல்லை.

ஆவாரையின் குறையையும் சொல்லியாக வேண்டும். அதன் பூவில் தேன் கிடையாது. மகரந்தம் மட்டும்தான். வண்டுக்கு மகரந்தம் குஞ்சுக்கு, தேன் தனக்கு. தேன் இல்லாவிட்டால் அது பறக்கவே முடியாது. வண்ணத்துப்பூச்சிக்கோ தேன் மட்டும்தான் தேவை. ஆகவே ஆவாரையை மட்டும் வைத்துவிட்டுக் காத்திருந்தால் பாதி வேலைதான் ஆகும். பக்கத்தில் காவிளாயை விடுங்கள், கொழுஞ்சி என்றும் சொல்வார்கள். ஊதாப் பூ, வருடக்கணக்கில் நிற்கும், குறைந்த தண்ணீரில் சமாளிக்கும், தேனும் உண்டு, நிலத்துக்குத் தழைச்சத்தும் சேரும். முந்தி நம் ஆட்கள் பசுந்தாளாகப் போட்டதுதான். துளசியை நாலைந்து இடத்தில் பூக்க விடுங்கள். பூவைக் கிள்ளாமல் விட்டால் நீல வரித் தேனீ அதைச் சுற்றிக்கொண்டே இருக்கும். மாரி முடிந்து தானாக முளைக்கும் தும்பையைச் செருக்கி எறியாதீர்கள், சின்ன வண்ணத்துப்பூச்சிகளுக்கு அது போதும். பின்வேலியில் ஒரு எருக்கு நின்றால் அதையும் விடுங்கள். கருவண்டு அதில் தேன் குடிக்கும், செம்மஞ்சள் சிறகில் கறுப்பு ஓரம் வைத்த வண்ணத்துப்பூச்சி அதில் முட்டை இடும். பால் கண்ணில் படாமல் மட்டும் கவனம்.

ஆவாரை இலையிலும் பச்சைப் புழு வரும். வெளிர்ப் பச்சை வெள்ளையில் வேகமாகப் பறக்குமே ஒரு வண்ணத்துப்பூச்சி, கூட்டம் கூட்டமாக வலசை போகும் வகை, அதன் புழு. சின்ன மஞ்சள் பூச்சியும் இந்த இனச் செடிகளில் முட்டை இடும். ஒரு கிளை மொட்டையாகும், பிறகு துளிர்க்கும். பூச்சிகளுக்காக வைத்த செடியில் அதை நட்டம் என்று எண்ண வேண்டாம். பூவைக் காயவைத்துத் தேநீர் போடுகிறவர்கள் நிறையப் பேர், தெற்கில் ரணவரா என்று விற்கிறார்கள். நீங்களும் பறிக்கலாம், ஆனால் காலை வண்டு வந்து போன பிறகு, பாதிப் பூவைச் செடியில் விட்டுப் பறியுங்கள். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர் வீட்டில் இருந்தால் வைத்தியரிடம் கேட்காமல் தொடர்ந்து குடிக்க வேண்டாம்.

மருந்து விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். கத்தரிக்கும் முருங்கைக்கும் பூச்சிமருந்து அடித்துக்கொண்டு வண்டுக்குப் பூ வைப்பது, அதைக் கூப்பிட்டு நஞ்சு வைப்பதாகும். இமிடாகுளோபிரிட் போன்றவை செடிக்குள் ஊறிப் பூவின் தேனிலும் மகரந்தத்திலும் வந்து சேரும். மாலையில் அடித்தால் தப்பலாம் என்பது அவற்றுக்குப் பொருந்தாது. தேனீக்கு வரும் ஆபத்தால் ஐரோப்பிய ஒன்றியம் 2018 இல் திறந்த வெளியில் அதன் பயன்பாட்டைத் தடைசெய்தது. முருங்கைக்கு மயிர்க்கொட்டி வந்தால் பூவுக்கும் இலைக்கும் அடிக்காதீர்கள். பகலில் அவை அடிமரத்தில் கூட்டமாக ஒட்டிக் கிடக்கும், அந்த நேரம் பார்த்துப் பந்தத்தைக் காட்டினால் அங்கேயே முடிந்துவிடும். பக்கத்துத் தோட்டத்தில் வெங்காயத்துக்கு அடிப்பதை நீங்கள் தடுக்க முடியாது. ஆனால் காலையில் அடிக்காமல் வெயில் சாய்ந்த பிறகு அடிக்கச் சொல்லிக் கேட்கலாம். முறையாகக் கேட்டால் பலர் கேட்பார்கள்.

அடுத்தது கூடு. முன்பு வண்டு நிறைய இருந்ததற்குப் பூ மட்டும் காரணம் அல்ல. கதியால் வேலி இருந்தது. முள்முருக்கை, பூவரசு, கிளுவை என்று நட்ட கதியாலில் சிலது பட்டுப்போய் நிற்கும், அதில் கருவண்டு துளை போட்டு உள்ளே குஞ்சு வைக்கும். மண் சுவரிலும் வரம்பிலும் நீல வரித் தேனீ கூடு வைக்கும். இப்போது வேலிக்குப் பதில் மதில், முற்றத்துக்குக் கல் பதித்தாகிவிட்டது. பூ வைத்தாலும் குடியிருக்க இடம் இல்லை. பட்ட பூவரசங் கட்டை, காய்ந்த முள்முருக்கை, ஒரு கணு அடைத்து ஒரு பக்கம் திறந்த மூங்கில் துண்டு, இவற்றைச் சேர்த்துக் கட்டி, மழை படாத, காலை வெயில் படும் இடத்தில் நெஞ்சளவு உயரத்தில் மதிலில் தொங்கவிடுங்கள். மதில் ஓரம் ஓரிரண்டு முழ மண்ணை மூடாமல், கொத்தாமல் அப்படியே விடுங்கள். வீட்டு வளையையும் சிலாகையையும் வண்டு துளைக்கும் என்று பயம் இருந்தால் அந்த மரத்துக்கு வர்ணம் பூசுங்கள், பூசிய மரத்தை அது லேசில் தொடாது. வண்டு மரத்தைத் தின்பதில்லை, கூட்டுக்காகக் குடைவதுதான். கீழே மரத்தூள் கொட்டிக் கிடந்தால் கூடு அங்கே என்று தெரிந்துகொள்ளலாம்.

அம்மாவின் பயத்துக்கு வருகிறேன், அது நியாயமான பயம். நம் ஊரில் புடையனும் சுருட்டையும் இருக்கின்றன. ஆனால் அவை பூவுக்காக வருவதில்லை. எலிக்கும், ஒளிக்க இடத்துக்கும்தான் வரும். கல் குவியல், ஓட்டுக் குவியல், நிலத்தில் அடுக்கிய விறகு, அடி தெரியாமல் படர்ந்த பற்றை, இவைதான் அவற்றின் இடம். மரக்கட்டையை நிலத்தில் குவிக்காமல் தொங்கவிடச் சொன்னதும் இதற்காகத்தான். ஆவாரை நிமிர்ந்து வளர்கிற செடி, கீழ்க் கிளையை முழங்கால் வரை கழித்துவிட்டால் அடி முழுக்க வெளிச்சம் படும். முதல் கோடைக்குப் போட்ட சருகை மாரி வந்ததும் அள்ளிவிடுங்கள், பிறகு அம்மா வழக்கம்போல அங்கேயும் கூட்டலாம். வாசலுக்கும் கிணற்றடிக்கும் போகும் பாதையை விட்டுப் பத்தடி தள்ளி வையுங்கள். கருவண்டு கொட்டுமா என்றும் கேட்பார். ஆண் வண்டுக்குக் கொடுக்கே இல்லை, முகத்துக்கு முன்னால் வந்து நின்று விரட்டப் பார்ப்பதும் பெரும்பாலும் அதுதான். பெண் வண்டு கையில் பிடித்து அழுத்தினால்தான் கொட்டும். காலையில் பூப்பறிக்கப் போகும்போது கிளையை ஒரு தடவை ஆட்டிவிட்டுக் கையை வைக்கச் சொல்லுங்கள்.